ஓசை வரும் திசையில் மட்டை: பார்வையற்றோர் கிரிக்கெட் பற்றி வாசகர் கேள்வி–பதில்

பார்வையற்றோரும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் ஆடும் கிரிக்கெட் பற்றி ஆசிரியர்கள், பெற்றோர்கள், இப்போதுதான் ஆடத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் எழுதிக் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பார்வையற்ற மாணவர்கள் நான்கு பேருக்கு, உள்ளே குண்டுகள் போட்ட பந்து ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். கையில் வைத்துக் குலுக்கினால் நன்றாகச் சத்தம் வருகிறது. ஆனால் வீசியதும் ஒன்றும் கேட்பதில்லை. மட்டைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் 'சலக்' என்கிறது. பந்தில் ஏதும் கோளாறா?

பதில்: பந்து நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் அதைக் காற்றில் வீசுகிறீர்கள், அதுதான் காரணம்.

குலுக்கும்போது பந்தின் ஓடு ஒரு பக்கம் போகிறது, உள்ளே இருக்கும் குண்டுகள் சற்றுப் பின்தங்கி ஓட்டில் மோதுகின்றன. அந்த மோதல்தான் சத்தம். கையை விட்டுப் பறக்கத் தொடங்கியதும் ஓடும் குண்டுகளும் ஒரே வேகத்தில், ஒரே பாதையில் போகின்றன. ஒன்றை ஒன்று இடிக்க வேண்டிய தேவையே இல்லை. பந்து சுழன்றால் குண்டுகள் ஓட்டின் உட்சுவரில் ஒட்டினாற்போலத் திரும்பும், அப்போது இன்னும் அமைதி. தரையில் பட்ட கணத்தில்தான் ஓடு தடைபட்டு, குண்டுகள் முன்னே பாய்ந்து மோதுகின்றன.

இந்த ஆட்டத்தின் பந்துவீச்சு விதியே இதிலிருந்து பிறந்ததுதான். கையைத் தோளுக்கு மேலே சுற்றி வீசுவது கிடையாது. இடுப்புக்குக் கீழிருந்து, தரையோடு ஒட்டித்தான் வீச வேண்டும். சர்வதேச ஆட்டத்தில் பந்து பிட்ச்சின் பாதிக் கோட்டைத் தாண்டும் முன் ஒருமுறையாவது தரையில் பட்டாக வேண்டும், இல்லையென்றால் நோ-பால். பிட்ச்சின் நீளம் வழக்கமான 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். பாதி என்றால் 10 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்த 10 மீட்டரைக் கடக்கச் சுமார் 0.7 விநாடி ஆகும். பேட்டருக்குக் கிடைக்கும் கேட்கும் நேரம் அவ்வளவுதான். 30 கிலோமீட்டர் வேகம் என்றால் 1.2 விநாடி. உங்கள் மாணவர்களுக்கு முதல் சில வாரங்கள் இந்த வேகமே போதும். இங்கிலாந்தின் உள்நாட்டு ஆட்டங்களில் முழுப் பார்வையற்ற பேட்டருக்கு வீசும் பந்து இரண்டு முறை தரையில் பட வேண்டும் என்றே விதி இருக்கிறது. தொடங்குபவர்களுக்கு அது நல்ல விதி. அங்கே பந்தும் பெரியது: 3ஆம் அளவுக் கால்பந்துக்குள் இரும்புக் குண்டுகள். சிறு பிள்ளைகளுக்கு அந்தப் பந்தில் பழக்கிவிட்டுச் சிறிய பந்துக்கு வந்தால் பயம் குறைகிறது.

கேள்வி: ஒலிப் பந்தை நாங்களே செய்ய முடியுமா? எத்தனை குண்டு போட வேண்டும்? டென்னிஸ் பந்தைக் கீறிப் போட்டால் ஆகாதா?

பதில்: டென்னிஸ் பந்து வேண்டாம். ரப்பர் அதிர்வை விழுங்கிவிடும், மேலே இருக்கும் கம்பளி மிச்சத்தையும் அடக்கிவிடும். அடித்த நாலாவது அடியில் கீறலும் பிளந்துகொள்ளும்.

உள்ளே வெற்றிடமான கெட்டி பிளாஸ்டிக் பந்து தேவை. குறுக்களவு 7 சென்டிமீட்டரை ஒட்டி இருந்தால் வழக்கமான கிரிக்கெட் பந்தின் அளவு வந்துவிடும். ஓட்டின் கனம் 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சைக்கிள், மோட்டார் கடைகளில் கிடைக்கும் பேரிங் குண்டுகளில் 6 மி.மீ. குண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குண்டு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். 12 குண்டுகளில் தொடங்கி, உருட்டிக் கேட்டு, தேவைப்பட்டால் இரண்டிரண்டாகச் சேர்த்து 20 வரை போகலாம். குண்டு கூடக் கூடச் சத்தமும் கூடும் என்று நினைத்துக் கைநிறையப் போடுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. நெருக்கம் அதிகமானால் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அமுங்கி, தெளிவான 'கலகல' போய் மணல் சரியும் 'ஸ்ஸ்' மட்டும் மிஞ்சும். நாலைந்து மட்டும் போட்டால் சத்தம் விட்டுவிட்டு வரும், அந்த இடைவெளியில் பந்து காணாமல் போகும்.

துளையை 7 மி.மீ. அளவில், டிரில்லை மெதுவாக ஓட்டிப் போடுங்கள். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி உள்பக்கம் பிசிறு நிற்கும், குண்டுகள் அதில் சிக்கும். உள்ளே விழுந்த தூளைத் தட்டி எடுத்துவிட வேண்டும். தூள் இருந்தால் ஒலி மங்கும்.

அடைப்பதுதான் கவனம் தேவைப்படும் வேலை. பசையை மட்டும் ஊற்றி அடைத்தால் அது உள்ளே சொட்டிக் குண்டுகளைக் கொத்தாக ஒட்டிவிடும். துளைக்குள் இறுக்கமாக நுழையும் ஆப்பு ஒன்று செதுக்கி, அதன் பக்கங்களில் மட்டும் எபாக்ஸி தடவி அடித்து இறக்குங்கள். காயும்வரை துளை பக்கவாட்டில் இருக்கட்டும். மேலே பார்த்து வைத்தால் பசை குண்டுகளின்மேல் சொட்டும், கீழே பார்த்து வைத்தால் குண்டுகள் பசைமேல் உட்கார்ந்துவிடும். கையில் மெழுகு போல வழுக்கும் பிளாஸ்டிக் என்றால் எபாக்ஸி பிடிக்காது. அந்த வகைக்கு அதே பிளாஸ்டிக்கில் ஆப்பு செய்து, சால்டரிங் இரும்பால் ஓரத்தை உருக்கிச் சேர்த்துவிடலாம். காய்ந்த பிறகு ஆப்பின் தலையை அரம் கொண்டு சமமாக்குங்கள். சிறு மேடு இருந்தாலும் உருளும் பந்து திசை மாறும்.

சோதனை இரண்டு. சிமெண்டுத் தரையில் மிக மெதுவாக உருட்டுங்கள். பந்து நிற்கும் கணம் வரை சத்தம் கேட்க வேண்டும். பிறகு தோள் உயரத்திலிருந்து 20 முறை தரையில் போட்டு, ஆப்பும் ஓட்டின் இணைப்புக் கோடும் விரிசல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விரிந்த பந்தை ஒட்டி மறுபடி ஆடாதீர்கள். ஆட்டத்தின் நடுவே உடைந்து குண்டுகள் பிட்ச்சில் சிதறினால், ஓடி வருபவரின் காலடியில் அவை சக்கரமாகிவிடும்.

ஒரே மாதிரி ஒலிக்கும் பந்துகளாக மூன்று நான்கு வைத்திருங்கள். ஆடுபவரின் காது ஒரு பந்தின் குரலுக்குப் பழகிவிடும். நடுவில் வேறு குரலில் பந்து வந்தால் அந்த ஓவரே வீணாகும்.

கல் போடலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். இந்த ஆட்டம் பிறந்ததே அப்படித்தான். 1922இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பார்வையற்ற தொழிலாளர்கள் இருவர் தகர டப்பாவில் கற்களைப் போட்டு ஆடத் தொடங்கினார்கள். ஆனால் கல் ஒன்றோடொன்று உரசித் தூளாகும், ஒலி நாளுக்கு நாள் மந்தமாகும். இரும்பு கிடைக்கும்போது கல் வேண்டியதில்லை.

கேள்வி: 'பீப்' என்று விடாமல் ஒலிக்கும் மின்னணுப் பந்து இருக்கிறதே, அது இன்னும் வசதி அல்லவா?

பதில்: நின்ற பந்தைத் தேடுவதற்கு வசதி, மறுக்கவில்லை. அமெரிக்காவில் ஆடப்படும் பீப் பேஸ்பால் அப்படிப்பட்ட பந்தை வைத்தே நடக்கிறது. கிரிக்கெட்டுக்கு எங்கள் தேர்வு குண்டுப் பந்துதான். உருளும் குண்டுகளின் சத்தத்தில் வேகம் தெரியும், தரையில் பட்ட இடம் தெரியும், எழும்பியதா தவழ்ந்ததா என்பதும் தெரியும். பீப் ஒலி மெதுவாக வந்தாலும் வேகமாக வந்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கேட்கும். தவிர, ஒரே சுருதியில் நீளும் ஒலியைவிட வெடுக்வெடுக்கென்று பல சுருதிகள் கலந்து வரும் ஒலியின் திசையைத்தான் காது சட்டென்று பிடிக்கும். மட்டையடியை எத்தனை நாள் அந்த மின்சுற்றும் பேட்டரியும் தாங்கும் என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி: என் மகளால் புத்தகம் படிக்க முடிகிறது. ஆனால் பக்கத்தில் நிற்பவர்மேல் மோதிக்கொள்கிறாள். குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது என்கிறாள். அவளைப் பார்வையற்றோர் அணியில் சேர்ப்பார்களா? எந்தப் பிரிவு?

பதில்: பார்வைக் கூர்மை ஒன்றை மட்டும் வைத்து இங்கே முடிவு செய்வதில்லை அம்மா. பார்வைப் பரப்பையும் அளக்கிறார்கள். உங்கள் மகளுக்கு முக்கியம் அந்த இரண்டாவது அளவுதான்.

பிரிவுகள் மூன்று. பி1 என்பது முழுப் பார்வையின்மை. வெளிச்சம் மட்டும் தெரிந்து, எந்தத் தொலைவிலும் எந்தத் திசையிலும் கையின் வடிவம் புலப்படாதவர்களும் இதில் சேர்வார்கள். கையின் வடிவம் தெரிவதிலிருந்து 2/60 கூர்மை வரை (மற்றவர்களுக்கு 60 மீட்டரில் தெரிவது இவருக்கு 2 மீட்டரில்தான் தெரியும்), அல்லது பார்வைப் பரப்பு 5 பாகைக்கும் குறைவு என்றால் பி2. 2/60க்கு மேல் 6/60 வரை, அல்லது பரப்பு 5 முதல் 20 பாகைக்குள் என்றால் பி3. இரண்டு கண்களில் நன்றாகத் தெரியும் கண்ணில், கண்ணாடி போட்டு எவ்வளவு தெரியுமோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

ஆகவே கண் மருத்துவரிடம் போகும்போது எழுத்துப் பலகைச் சோதனையோடு நிறுத்தாமல், பார்வைப் பரப்புச் சோதனையும் செய்து எழுத்தில் தரும்படி கேளுங்கள். பரப்பு 20 பாகைக்குள் சுருங்கியிருந்தால், தெளிவாகப் படிக்கத் தெரிந்த பெண்ணும் இந்த ஆட்டத்துக்கு உரியவள்தான். மாலை வெளிச்சம் மங்கும்போது அவள் தடுமாறுகிறாளா என்பதையும் பயிற்சியாளரிடம் சொல்லிவையுங்கள். குழாய்ப் பார்வை உள்ளவர்களில் பலருக்கு இருட்டில் பார்வை மிகவும் குறையும். காலையில் நன்றாக ஆடியவளை மாலையில் "கவனமில்லை" என்று யாரும் கடிந்துகொள்ளாமல் இருக்க இது உதவும்.

கேள்வி: பி1 வீரர் எடுக்கும் ஓட்டங்களை இரட்டிப்பாக்குகிறார்களாமே. இது இரக்கத்தில் தரும் சலுகை போலத் தெரிகிறதே?

பதில்: இரக்கத்துக்கு இங்கே இடமே இல்லை. அந்த விதி அணித்தலைவரின் கையைக் கட்டுவதற்காக வந்தது.

பதினோரு பேரில் குறைந்தது நான்கு பேர் பி1 ஆக இருக்க வேண்டும். பி3 நான்கு பேருக்கு மேல் போகக் கூடாது. இந்த எண்ணிக்கையோடு நிறுத்தியிருந்தால் என்ன ஆகும்? பி1 வீரர்கள் நால்வரையும் கடைசியில் இறக்கி, ஓரமாக நிறுத்திவிட்டு மற்ற ஏழு பேரும் ஆடி முடிப்பார்கள். பி1 பேட்டரின் ஒவ்வோர் ஓட்டமும் இரண்டாக எண்ணப்படும்போது அவரை மேலே இறக்குவது அணிக்கே லாபமாகிறது. மொத்த ஓவர்களில் குறைந்தது 40 சதவீதம், அதாவது இருபது ஓவர் ஆட்டத்தில் 8 ஓவர், பி1 வீரர்கள் வீச வேண்டும் என்ற விதியும் இதற்குத்தான். பி1 ஃபீல்டர் ஒருமுறை தரையில் பட்டு எழும்பிய பந்தைப் பிடித்தாலும் கேட்ச். பி1 பேட்டருக்காக வேறொருவர் ஓடுவார். இவற்றில் எதை எடுத்தாலும், முழுப் பார்வையற்றவர் இல்லாமல் அந்த அணி வெல்ல முடியாது என்ற நிலையை அது உண்டாக்குகிறது. அணியில் பெயரளவுக்கு இருப்பதற்கும் அணிக்குத் தேவைப்படுவதற்கும் உள்ள தூரத்தை இந்த விதிகள் சரியாகப் புரிந்துவைத்திருக்கின்றன.

பி1 வீரர்கள் எல்லாரும் கண்களை முழுதாக மறைக்கும் கண்ணாடி அணிவதும் இதைச் சேர்ந்ததே. ஒருவருக்கு வெளிச்சம் தெரியும், மற்றவருக்கு அதுவும் தெரியாது என்ற வேறுபாடு அதில் மறைந்துவிடும்.

கேள்வி: ஒரு பந்து வீசுவதற்குள் இருவரும் ஏதோ பேசிக்கொள்கிறார்களே, என்ன அது?

பதில்: பந்துவீச்சாளர் "ரெடி?" என்று கேட்பார். பேட்டர் "யெஸ்" என்பார். பந்தைக் கையிலிருந்து விடும்போது பந்துவீச்சாளர் "ப்ளே" என்று உரக்கச் சொல்வார். இதில் அவர் தவறினால் நோ-பால்.

வெறும் மரியாதைக்காகச் சொல்வதல்ல இது. "ரெடி?" என்ற குரல் பந்து புறப்படும் இடத்தைக் காட்டுகிறது, "ப்ளே" நேரத்தைக் காட்டுகிறது. புதியவர்கள் "ப்ளே"யைப் பந்து போன பிறகு சொல்கிறார்கள், அல்லது அந்தச் சொல்லை இழுத்து முதல் துள்ளலின் சத்தத்தை அமுக்கிவிடுகிறார்கள். வெட்டென்று சொல்லி முடிக்கப் பழக்குங்கள். பந்து இல்லாமல், கையை மட்டும் வீசி 'ப்ளே' சொல்லும் பயிற்சியைத் தினமும் ஐந்து நிமிடம் செய்தால் சரியாகிவிடும்.

கேள்வி: எல்லாருமே ஸ்வீப் ஆடுகிறார்கள். நேர் மட்டையில் ஆடக் கற்றுக்கொடுப்பது தவறா?

பதில்: தவறில்லை. பி2, பி3 பேட்டர்கள் நேர் மட்டையிலும் நன்றாக ஆடுகிறார்கள். பி1 பேட்டருக்கு ஏன் ஸ்வீப் என்பதைப் பாருங்கள்.

இடமா வலமா என்பதைக் காது துல்லியமாகச் சொல்லிவிடும். ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்தில் உள்ள வித்தியாசம், அதிகபட்சம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, மூளைக்குப் போதும். மேலா கீழா என்று சொல்வதில் காது அவ்வளவு தேர்ந்ததல்ல. எந்தக் கணத்தில் பந்து எட்டும் என்பதிலும் சிறு பிழை வரும். நேர் மட்டை பந்தின் பாதையில் நிற்கும் ஒல்லியான பலகை, அரை அடி விலகினாலும் தவறிவிடும். ஸ்வீப்பில் மட்டை தரையை ஒட்டிப் படுத்து, பிட்ச்சின் குறுக்கே முழு நீளத்துக்கும் அடைக்கிறது. பந்து எப்படியும் தவழ்ந்துதான் வரப்போகிறது, ஆகவே உயரத்தைக் கணிக்கும் தேவையும் போய்விடுகிறது.

கற்றுக்கொடுக்கும் வரிசை: முதலில் கிரீஸில் நிலை எடுப்பது. மட்டையால் பின்னே ஸ்டம்ப்பைத் தட்டி நடு ஸ்டம்ப்பை அறிந்து, அங்கிருந்து ஒரு மட்டை நீளம் முன்னே வந்து நிற்க வேண்டும். பயிற்சியில் கிரீஸ் கோட்டின் மேல் கயிற்றை வைத்து அதன்மேல் டேப் ஒட்டினால் காலுக்குத் தட்டுப்படும். அடுத்து, முன்காலை மடக்கிப் பின்முழங்காலைத் தரையில் ஊன்றி இறங்குவது. தலை தாழ்ந்து, முகம் பந்துவீச்சாளரை நேராகப் பார்க்க வேண்டும். மட்டையை வீசும் அவசரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் பெரும்பாலானோர் பந்தைத் தவறவிடுவதற்குக் காரணம். முகம் திரும்பினால் இரண்டு காதுகளுக்கும் இருந்த சமநிலை கெட்டு, நேரே வரும் பந்து விலகி வருவது போலக் கேட்கும்.

முதல் ஐம்பது பந்துகளை அடிக்கவே விடாதீர்கள். படுத்த மட்டையை அசைக்காமல் வைத்துப் பந்தைத் தடுக்கட்டும். பந்து மட்டையின் எந்த இடத்தில் பட்டது என்று சொல்லச் சொல்லுங்கள்: பிடிப்பக்கமா, நடுவா, நுனியா? அதைச் சரியாகச் சொல்லத் தொடங்கிவிட்டால் வீச்சு தானாக வரும். முழங்காலுக்கு உறை கட்டாயம். தரையில் ஊன்றும் முழங்கால் சிராய்த்துவிட்டால் அடுத்த நாள் பிள்ளை இறங்கத் தயங்கும்.

கேள்வி: நான் பி1 பந்துவீச்சாளர். பந்து எப்போதும் இடப்பக்கமே போகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: முதலில், வீசும் முன் ஓடிவரும் தூரத்தைக் குறையுங்கள். பார்வையின் துணை இல்லாமல் நேராக நடக்கும்போது எவருக்கும் ஒரு பக்கம் சாய்வு வரும். பத்து அடி ஓடினால் அந்தச் சாய்வு பெருகும். இரண்டு மூன்று எட்டு போதும். உங்கள் முனை ஸ்டம்ப்பை இரண்டு கைகளாலும் தொட்டு, முதுகு அதற்கு நேராக இருக்கும்படி நில்லுங்கள். எதிர்முனையில் கீப்பர் நடு ஸ்டம்ப்புக்கு நேர் பின்னே உட்கார்ந்து கைதட்டவோ குரல் கொடுக்கவோ வேண்டும். அவர் நின்றுகொண்டு குரல் கொடுத்தால், அல்லது ஒரு பக்கம் நகர்ந்துவிட்டால் உங்கள் குறி தப்பும். கீப்பரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பிறகு கை. வீசும் கை தொடையை உரசிக்கொண்டு போகட்டும். முழங்கால் உயரத்தில் பந்தை விடுங்கள். விட்ட பிறகும் கை கீப்பரின் குரலை நோக்கி நீள வேண்டும். நீங்கள் வலக்கையாளர் என்றால், கை உடம்பின் குறுக்கே போவதால்தான் பந்து இடப்பக்கம் விலகுகிறது. தாமதமாக விட்டால் பந்து மேலே எழும்பிப் பாதிக் கோட்டைத் தாண்டி விழும், நோ-பால் ஆகும். ஒவ்வொரு பந்துக்கும் கீப்பர் "ஒரு கை இடம்", "அரைக் கை வலம்" என்று அளவோடு சொல்ல வேண்டும். "கொஞ்சம் தள்ளி" என்பதால் ஒரு பயனும் இல்லை.

கேள்வி: ஃபீல்டிங்தான் எங்களுக்குப் பெரும் சிக்கல். அடித்த பந்து புல்லில் நின்றுவிட்டால் யாருக்கும் தெரிவதில்லை. இரண்டு பேர் ஒரே பந்துக்குப் போய் மோதியும் கொள்கிறார்கள்.

பதில்: நின்ற பந்துக்குக் குரல் கிடையாது. அப்போது கீப்பரும் பி3 வீரர்களும்தான் பந்தின் குரலாக இருக்க வேண்டும். ஆளின் பெயர், திசை, தூரம் என்ற வரிசையில் அழைக்கட்டும். ஒருவர் மட்டும் அழைக்க வேண்டும், நான்கு பேர் சேர்ந்து கத்தினால் ஒன்றும் புரியாது. திசைக்குக் கடிகார முறை எளிது: பந்துவீச்சாளர் பக்கம் 12 மணி என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு "3 மணி, ஐந்து எட்டு" என்று சொன்னால் போதும்.

பி1 ஃபீல்டரைப் பந்தை நோக்கி ஓடவிடாமல், பந்து வரும் பாதைக்குக் குறுக்கே படுக்கப் பழக்குங்கள். பக்கவாட்டில் சாய்ந்து நீட்டிப் படுத்தால் கை முதல் கால் வரை ஓர் ஆள் நீளத்துக்குச் சுவர் கிடைக்கும். முகம் தரையைப் பார்க்காமல், முன்கையால் காக்கப்பட்டிருக்க வேண்டும். பி1 வீரர்களைப் பிட்ச்சுக்கு அருகே, ஒலி தெளிவாகக் கேட்கும் இடங்களில் நிறுத்துங்கள். தூரத்து எல்லையை பி3 பார்த்துக்கொள்ளட்டும்.

மோதலுக்கு வழி, வாய்விட்டுச் சொல்வது. பார்வையற்றோர் கால்பந்தில் பந்தைப் பறிக்கப் போகிறவர் "வோய்" என்று குரல் கொடுத்தே தீர வேண்டும். ஸ்பானிய மொழியில் அதற்கு "வருகிறேன்" என்று பொருள். உங்கள் அணியிலும் அப்படி ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள், "நான்" என்பதே போதும். சொல்லாமல் நகரக் கூடாது என்பதைப் பயிற்சியில் ஒருமுறைகூட விட்டுக்கொடுக்காதீர்கள். புல்லை ஒட்ட வெட்டினால் பந்து நின்றுபோகும் தொல்லையில் பெரும்பகுதி குறையும்.

கேள்வி: ஸ்டம்ப்பை எப்படிச் செய்வது?

பதில்: உள்ளீடற்ற உலோகக் குழாய் மூன்று, ஒரே தகட்டில் பற்றவைத்தது, பெயில்களும் மேலே நிரந்தரமாகப் பொருத்தப்பட்டவை. உயரம் 71 செ.மீ., மூன்றும் சேர்ந்த அகலம் 23 செ.மீ., வழக்கமான அளவுதான். பந்து பட்டால் 'டிங்' என்று எல்லார் காதிலும் விழ வேண்டும். அசையாமல் நிற்கட்டும் என்று குழாய்க்குள் சிமெண்டோ மணலோ நிரப்பினால் அந்த ஒலி செத்துவிடும். பாரம் வேண்டுமென்றால் அடித்தகட்டில் வையுங்கள். ஒளிரும் ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறம் பூசினால் பி2, பி3 வீரர்களுக்குத் திசை தெரியும். காய்ந்த வெளிர்மண் மைதானத்தில் மஞ்சள் மங்கிவிடும், ஆரஞ்சை எடுங்கள். தகட்டின் முனைகளை உருட்டித் தேய்க்க மறக்காதீர்கள். ஸ்டம்ப்பைக் கையால் தடவித்தான் எல்லாரும் இடம் பிடிக்கிறார்கள்.

கேள்வி: பார்வையுள்ள நண்பர்களையும் சேர்த்து ஆட நினைக்கிறோம். அவர்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டால் சமமாகிவிடுமா?

பதில்: ஆகாது. கண்ணைக் கட்டிய கணத்தில் ஒருவருக்குக் காதால் ஆடும் பழக்கம் வந்துவிடாது. அவர் பத்தாண்டுப் பழக்கம் உள்ள பி1 வீரரைவிட மிக மோசமாக ஆடுவார், தடுக்கியும் விழுவார். அதைப் பார்த்துவிட்டு "பார்வையின்மை என்றால் இவ்வளவு பயங்கரமா" என்று எண்ணிக்கொண்டு போவதால் யாருக்கும் நன்மை இல்லை. பேட்டிங் செய்யும்போது மட்டும், நின்ற இடத்தில், கண்ணை மறைத்துச் சில பந்துகளை எதிர்கொள்ளட்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடவோ ஃபீல்டிங் செய்யவோ விடாதீர்கள்.

சேர்ந்து ஆட நல்ல வழி, வேலையைப் பிரிப்பது. பார்வையுள்ளவர் கீப்பராகவும் ரன்னராகவும் இருக்கலாம், இடது கையால் மட்டும் பேட் செய்யலாம், ஓவர் முடிந்ததும் ஓட்டக் கணக்கை உரக்க அறிவிக்கலாம். பந்து ஒலிப் பந்து, வீச்சு தரையோடு, பி1 ஓட்டம் இரட்டிப்பு: இந்த மூன்றை மட்டும் யாருக்காகவும் மாற்றாதீர்கள்.

கேள்வி: உலகக் கோப்பை உண்டா? பெண்களுக்கும் நடக்கிறதா?

பதில்: இரண்டும் உண்டு. உலகப் பார்வையற்றோர் கிரிக்கெட் கவுன்சில் 1996இல் அமைந்தது. முதல் உலகக் கோப்பை 1998இல் டெல்லியில் நடந்து, இறுதியில் தென்னாப்பிரிக்கா பாகிஸ்தானை வென்றது. 2002, 2006 கோப்பைகள் பாகிஸ்தானுக்கு, 2014, 2018 இந்தியாவுக்கு. இருபது ஓவர் கோப்பை 2012இல் தொடங்கியது. 2012, 2017, 2022 மூன்றையும் இந்தியா வென்றது, 2024இல் பாகிஸ்தான். பெண்கள் ஆட்டம் 2023இல் பர்மிங்ஹாமில் நடந்த பார்வையற்றோர் உலக விளையாட்டுப் போட்டியில் இடம்பெற்று, இந்தியப் பெண்கள் ஆஸ்திரேலியாவை வென்று தங்கம் பெற்றார்கள். பெண்களுக்கான முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையையும் 2025 நவம்பரில் கொழும்பில் நேபாளத்தை வென்று அவர்களே எடுத்தார்கள்.

கேள்வி: எங்கள் மைதானத்தை ஒட்டிச் சாலை. பார்க்க வருகிறவர்களும் ஆர்வத்தில் கத்திவிடுகிறார்கள். மழை தூறினால் ஆடலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: சாலைக்கு எவ்வளவு விலகிப் பிட்ச் அமைக்க முடியுமோ அவ்வளவு விலக்குங்கள். சாலை பேட்டரின் முகத்துக்கு எதிரே இல்லாமல் முதுகுப் பக்கம் வரும்படி இருந்தால் நல்லது. ஓவருக்கு ஓவர் முனை மாறும் என்பதால், பயிற்சியிலாவது ஒரே முனையிலிருந்து வீசுங்கள். பலத்த காற்றும் சத்தத்தைக் கெடுக்கும். காதையே மூடும் ஹெல்மெட்டும் தொப்பியும் வேண்டாம்.

பார்வையாளர்களிடம் ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "ரெடி?" கேட்டதிலிருந்து நடுவர் பந்து முடிந்தது என்று சொல்லும்வரை மௌனம், அதன் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கைதட்டலாம். பந்து எல்லையைத் தொடும் முன்பே "ஃபோர்" என்று கத்துகிறவர் தனக்குத் தெரியாமலே ஃபீல்டரின் காதைப் பொத்துகிறார். அலைபேசிகளையும் அணைத்துவிடச் சொல்லுங்கள்.

தூறல் விழும்போது இலையிலும் கூரையிலும் எழும் சத்தம் பந்தின் சத்தத்தோடு கலக்கும், ஈரத்தரையும் பந்தின் ஒலியை வாங்கிக்கொள்ளும். நடுவர் கண்ணை மூடிக்கொண்டு, 10 மீட்டர் தள்ளி மெதுவாக உருளும் பந்து எந்தப் பக்கம் போகிறது என்று கையை நீட்டிக் காட்டிப் பார்க்கட்டும். மூன்று முறையில் ஒருமுறை தவறினாலும் ஸ்டம்ப்பை எடுத்து ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள்.